தாய்மாமன் சீர்

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு இராமையன்பட்டியில் இடம் கிடைத்துவிட்டது என்று நீ போன் செய்தபோது இங்கே பிரிட்டனில் விடியற்காலை மூன்றரை மணி. கெட்ட சேதியோ என்று பதறித்தான் எடுத்தேன். நீ அழுகையும் சிரிப்புமாகச் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாட்டு டாக்டருக்குத்தாண்டா படிக்கப் போறா, அதுல ஒண்ணும் குறையில்லையே?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை. போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன்.

நம் செவலைப்பசு கன்று போட முடியாமல் கிடந்த இரவு உனக்கு நினைவிருக்கும். ஐப்பசி அடைமழை. அப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வத்திராயிருப்புக்கு சைக்கிள் மிதித்து, டாக்டரைக் கூட்டி வந்தார். குடம் உடைந்து வெகுநேரமாகியிருந்தது. கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. தலை பின்பக்கமாகத் திரும்பிவிட்டது என்று அவர் தொட்டுப் பார்த்ததுமே சொன்னார். சட்டையைக் கழற்றித் தொழுவத்து ஆணியில் மாட்டினார். தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சாணியும் மூத்திரமும் மழைத்தண்ணீரும் கலந்து கிடந்த தரையில் ஒருக்களித்துப் படுத்தார். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பசு முக்கும்போதெல்லாம் உள்ளே இருந்த கை நசுங்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பார். முக்கல் நின்றதும் மறுபடியும் தேடுவார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் கயிற்றைப் போட்டு அப்பாவும் அவரும் சேர்ந்து இழுத்ததில் கன்று வந்து விழுந்தது. மூக்கில் இருந்த சளியை விரலால் வழித்தெறிந்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தார். கிடேரிக் கன்று. மூச்சு வந்ததும் அம்மா ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. அம்மா டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினாள். அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. வலது கை விரல்கள் மடங்கவே இல்லை. இடது கையால் டம்ளரை நெஞ்சோடு அணைத்துக் குடித்தார். "கொஞ்ச நேரம் ஆகும், தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அதே மழையில் வேறொரு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் தெரு முழுக்கச் சீம்பால் கொடுத்தோம். கோயிலில் தேங்காய் உடைத்தோம். கன்றுக்குப் பேர் வைத்தோம். அவருக்கு என்று நமக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அக்கா, அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. மாட்டு டாக்டர், அவ்வளவுதான். கன்று வீச்சு நோய் உள்ள மாட்டுக்கு வெறுங்கையோடு பிரசவம் பார்த்தால் அது மனுசருக்கும் தொற்றும், காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் வாட்டும் என்பதை இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு இரவு மட்டுமா, அவருக்கு எத்தனை இரவுகள்!

குறையா என்று கேட்டாயே. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம். அந்தப் பால், மடிநோயும் கோமாரியும் தாண்டித்தான் சட்டிக்கு வருகிறது. இராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை போட்டார்கள். அந்த நாய்க்கு வெறி பிடிக்காமல் ஊசி போடும் கையும் ஒரு டாக்டருடைய கைதானே.

பெரியவர்கள் வகுத்து வைத்த முப்பத்திரண்டு அறங்களை நம் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா மனப்பாடம் செய்யச் சொல்வார். பசுவுக்கு வாயுறை அதில் ஒன்று. மாடு உடம்பு தினவெடுத்தால் உரசிக்கொள்ளக் கல் நட்டு வைப்பது, ஆவுரிஞ்சுதறி, அதுவும் ஓர் அறம். ஓதுவார்க்கு உணவு, அதாவது படிக்கிற பிள்ளைக்குச் சோறு. நோய்க்கு மருந்து. பிறர்துயர் காத்தல். இன்றைக்கு நம் பக்கத்தில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்காத அமாவாசை இல்லை. கோசாலைக்குக் கொடுக்கிறார்கள், கோதானம் செய்கிறார்கள். பள்ளிக்கூடம் கட்ட, ஆஸ்பத்திரி கட்ட, நூற்பாலை வைத்த குடும்பங்கள் அள்ளிக் கொடுத்த சீமை இது. இராஜபாளையத்தில் குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் மாட்டைப் பார்க்கிறவரைப் படிக்க வைக்க, அவர் சோர்ந்து உட்கார்ந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு கை நீண்டதாக நான் அதிகம் கேட்டதில்லை. அந்த அறங்களில் நாலைந்து ஒரே இடத்தில் வந்து சேருகிற காரியம் இது. மாட்டுக்கு நட்ட கல் தெரிந்த நமக்கு, அந்த மாட்டுக்காகத் தரையில் படுத்த மனுசர் கண்ணில் படாமல் போனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நான் இங்கே வாரத்தில் இரண்டு நாள் கணக்கு எழுதுவது ஒரு கால்நடை ஆஸ்பத்திரிக்கு என்று உனக்குத் தெரியும். போன மார்கழியில் ஒரு சாயங்காலம், அங்கே வேலை பார்க்கும் இளம் டாக்டரம்மா ஒருவர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தார். இருட்டிவிட்டது. தேநீர் எடுத்துப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அன்றைக்கு மட்டும் மூன்று உயிர்களைக் கருணை ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது, ஒரு கிழவரோடு பதினாறு வருசம் இருந்த நாய். கிழவர் போகும்போது இவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார். அடுத்த ஐந்தாவது நிமிசம் இன்னொருவர் வந்து பில் தொகைக்காகக் கத்தியிருக்கிறார். "இரண்டுக்கும் நடுவில் எனக்கு அழ நேரம் இல்லை" என்றார்.

இங்கே கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிடச் சுமார் நாலு மடங்கு என்று 2010-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. மனுச டாக்டர்களையும் மற்ற மருத்துவத் தொழில் செய்பவர்களையும் எடுத்துக்கொண்டால்கூட இரண்டு மடங்கு. பயமுறுத்த இதை எழுதவில்லை அக்கா. அதைக் கண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் தேநீர் அறையில் கெட்டில் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கிறது. வெட்லைஃப் என்ற அறநிலையத்தின் தொலைபேசி எண். விக்டோரியா ராணி காலத்தில், 1897-ல், நொடித்துப்போன கால்நடை மருத்துவர் குடும்பங்களுக்கு உதவ ஆரம்பித்த நிதி அது. இப்போதெல்லாம் ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிறார்கள். பேரைச் சொல்ல வேண்டியதில்லை. மறுமுனையில் இருப்பவர் இந்தத் தொழிலைத் தெரிந்தவர். கன்று உள்ளே செத்துக் கிடந்தது என்றால் அதற்கு விளக்கம் கேட்கமாட்டார். கையில் காசில்லாமல் முடங்கிப் போனவர்களுக்குப் பணமும் தருகிறார்கள். எல்லாம் நன்கொடைதான். அன்றைக்கு அந்த அட்டையைத்தான் டாக்டரம்மாவிடம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பாப்பாவிடம் இன்னொரு கதையும் சொல். அலீன் கஸ்ட் என்று ஒரு அயர்லாந்துப் பெண். வீட்டாருக்குத் தலைகுனிவு வரக்கூடாதென்று பேரை மாற்றிக்கொண்டு எடின்பரோவில் படித்தார். பெண் என்பதால், பட்டம் தரும் கால்நடை மருத்துவர் அமைப்பு அவரைக் கடைசித் தேர்வு எழுத விடவில்லை. பட்டமில்லாமலே 1900-லிருந்து அயர்லாந்துக் கிராமங்களில் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தார். 1922-ல்தான் அவரைக் கால்நடை மருத்துவர் என்று ஏற்றுக்கொண்டார்கள், இந்தத் தேசத்தின் முதல் பெண்ணாக. 1937-ல் கண்ணை மூடுமுன், தன்னை இருபது வருசத்துக்கு மேல் வாசலில் நிறுத்திய அதே அமைப்புக்கு, கால்நடை ஆராய்ச்சிப் படிப்புக்கென்று உயிலில் பணம் எழுதி வைத்துவிட்டுப் போனார். தனக்கு அடைத்த கதவைப் பின்னால் வருகிறவர்களுக்குத் திறந்துவிட்ட மனசு அது.

அதே மாதிரிப் பணம் நம் ஊர்ப்பக்கமும் வருகிறது. இங்கே டார்செட் மாவட்டத்தில் இருக்கும் வேர்ல்ட்வைட் வெட்ரினரி சர்வீஸ் என்ற அறநிலையம் ஊட்டியில் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. நம் டாக்டர்கள் அங்கே போய்த் தெருநாய்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சையைச் சுத்தமாக, வலி குறைவாகச் செய்யக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். இங்கே யாரோ உண்டியலில் போட்ட பவுண்டுக்கு நீலகிரியில் ஒருவர் கை பழகுகிறது. நம் உண்டியலும் சேர்ந்தால் என்ன?

நம் அரசாங்கம் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 1903-லேயே சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021-ல் இந்தப் படிப்புக்கும் கொண்டுவந்து, படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. பாப்பா அப்படித்தானே போகிறாள். ஆனால் ஐந்தரை வருசப் படிப்பில் கட்டணம் போக மிச்சம் ஒன்று இருக்கிறது: புத்தகம், கோட்டு, ஸ்டெதாஸ்கோப், கம்பூட்டு, ஊருக்கு வந்துபோகும் பஸ் காசு. ஒதுக்கீடு கிடைக்காத ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமும் சேர்ந்தே சுமை. மாடு படுத்துவிட்டால் 1962-க்குப் போன் போட்டால் வண்டி வருகிறது. அந்த வண்டியில் வருகிறவர் மனசு படுத்துவிட்டால்? எல்லோருக்கும் பொதுவாக 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. பாப்பா அந்த எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும். அதோடு, அவள் தொழிலின் பேச்சு புரிந்த ஒரு காதும் வேண்டும்.

அதனால் நான் நினைத்திருப்பதைச் சொல்கிறேன். பாப்பா கல்யாணத்துக்கென்று தாய்மாமன் சீராக எடுத்து வைத்த பணத்தை இப்போதே எடுக்கிறேன். பாதி அவள் படிப்புச் செலவுக்கு. மீதியை அம்மா பேரில் வங்கியில் போட்டு, நம் பக்கத்து ஊர்களிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கப் போகும் எந்தப் பிள்ளைக்கும் கம்பூட்டும் புத்தகமும் வாங்கிக் கொடுப்போம். சாதி, தெரு எதுவும் கேட்கக்கூடாது. ஓய்வு பெற்ற டாக்டர்கள் நாலு பேரிடம் நீயும் அத்தானும் போய்க் கேளுங்கள்: இந்தப் பிள்ளைகள் ராத்திரியில் கூப்பிட்டால் எடுப்பீர்களா என்று. பணத்தைவிட அதுதான் பெரிய கொடை. அதைக் கேட்டு வாங்க நான் அங்கே இல்லை. செவலைக்குப் பிரசவம் பார்த்தவர் இருக்கிறாரா என்றும் விசாரி. இருந்தால் முதலில் அவர் வீட்டுக்குப் போ. போகும்போது பேரைக் கேட்டு எனக்கு எழுது.

தோள்வரை வரும் கையுறை இங்கே நூறு நூறாகப் பெட்டியில் கிடைக்கிறது. இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். கம்பூட்டும் சேர்த்து அனுப்ப வேண்டும். பாப்பாவை ஒரு வெள்ளைத்தாளில் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு விரற்கடை பெரிதாகவே வாங்குகிறேன்; மழைக்காலத்தில் உள்ளே சாக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

உன் தம்பி