கைக்குள் அடங்கிய முகவரிகள்

தொண்ணூறுகளில் வெள்ளவத்தைக் காலி வீதி வழியே நடந்து சென்றோர், புடைவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே கண்ணாடிக் கூண்டுகள் அமைந்த தொடர்பு நிலையங்கள் பலவற்றைக் கண்டிருப்பர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கியிருந்தோர், வெளிநாட்டு அழைப்பை எதிர்பார்த்து அக்கூண்டுகளின் முன்னே மணிக்கணக்காகக் காத்திருந்தனர். அவர்களின் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ வாழும் மகனின் எண் அதிலே எழுதப்பட்டிருக்கும். கடதாசி தொலைந்தால் மகனே தொலைந்தவன் போலாவான். ஆகவே எண்ணைத் தாங்கிய கடதாசியும் பேச்சைக் கொண்டுசெல்லும் தொலைபேசியும் இம்மக்களின் வாழ்விற் பெற்ற இடம் பெரிது. அவ்விரண்டும் ஒரே கருவியாகி ஒருவரின் சட்டைப்பையினுள் அடங்கியபோது நிகழ்ந்தது யாது என்பதை, கொழும்பிலே அத்தகைய கருவியைச் சற்று முன்னதாகவே பெற்ற இருவரின் அனுபவம் எடுத்துக்காட்டும்.

கைத்தொலைபேசி இலங்கைக்குப் புதிதாக வந்ததன்று. தெற்காசியாவிலேயே முதலாவதான கைத்தொலைபேசிச் சேவையைச் செல்ரெல் நிறுவனம் 1989 ஆம் ஆண்டில் இங்கு தொடங்கியது. 1995 இல் டயலொக், ஜி.எஸ்.எம். முறையிலான சேவையைக் கொண்டுவந்தது. ஆனால் தொலைபேசியையும் கணனியையும் ஒன்றாக்கும் முயற்சி பிற நாடுகளிலே நடந்துகொண்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் வடிவமைத்த ‘சைமன்’ என்னும் கருவி 1994 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பேசவும், நாட்குறிப்பு எழுதவும், தொலைநகல் அனுப்பவும் அது பயன்பட்டது. எடையோ அரைக் கிலோ; மின்கலமோ ஒரு மணிநேரப் பேச்சுக்கே தாங்கியது. சில மாதங்களில் ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்கப்பட்டபின் அது சந்தையிலிருந்து நீங்கியது. 1996 இல் நொக்கியா 9000 வந்தது. மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறப்பது போலத் திறந்தால் உள்ளே எழுத்துப் பலகையும் நீண்ட திரையும் இருந்தன. அதன் எடையும் 397 கிராம்.

இதே ஆண்டிலே வெளிவந்த ‘பைலட்’ என்னும் கையகக் கணனி வேறொரு வழியைக் காட்டியது. அதனை உருவாக்கிய ஜெஃப் ஹோக்கின்ஸ், கருவியைச் செய்யுமுன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பையினுள் அடங்காத பொருள் மனிதரோடு வாழாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவரும் அவர்தம் தோழரும் பின்னர் நிறுவிய ஹான்ட்ஸ்பிறிங் நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் ‘ட்றியோ’ என்னும் பெயரில் அக்கணனியையும் தொலைபேசியையும் இணைத்தது. அதன்பின் பல நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. புலம்பெயர்ந்தோர் ஊருக்கு அனுப்பும் பொருள்களுள் இவ்வகைக் கருவியும் இடையிடையே இடம்பெற்றது.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு அது 2003 ஆம் ஆண்டு ரொறன்ரோவிலிருந்து வந்தது. மகன் தான் பாவித்ததையே பூட்டு நீக்கி அனுப்பியிருந்தான். ஏறத்தாழ அதே காலத்தில், கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவிலே வசித்த அவருடைய பழைய மாணாக்கர் ஒருவரும் இத்தகைய கருவியொன்றை வாங்கினார். அவர் துறைமுகத்திற் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் தொழிலைச் செய்பவர். இருவரும் ஐம்பத்தேழாம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திற் சந்திக்கும்போதெல்லாம், நூல்களைப் பற்றிய பேச்சு முடிந்ததும் கருவிகள் பைகளிலிருந்து வெளியே வரும்.

மாணாக்கருக்கு அது தொழிற்கருவி. கப்பல் வரும் நாள், கொள்கலன்களின் எண், தீர்வைக் கணக்கு, முகவர்களின் தொலைபேசி இலக்கம் ஆகிய யாவும் அதனுள் இருந்தன. பெயரைத் தொட்டதும் அழைப்புப் போகும் வசதியை அவர் வியந்து பாராட்டுவார். எனினும் ஒரு குறையை அவர் முதல் வாரத்திலேயே கண்டார். ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கூறும் எண்ணைக் குறித்துக்கொள்ள முடியவில்லை; குறிக்கவேண்டிய திரை கன்னத்தோடு ஒட்டியிருந்தது. துறைமுக வெயிலில் வியர்வை திரையிற் படிந்து எழுத்துகளை மறைத்தது. காதுக்கு ஒரு வயரை மாட்டிக்கொண்டு அவர் அக்குறையைத் தீர்த்தார். நாள்தோறும் மாலையில் கருவியை அலுவலகக் கணனியோடு இணைத்து, உள்ளிருப்பவற்றுக்குப் பிரதி எடுத்துவிட்டே வீடு திரும்புவார்.

ஆசிரியரின் நிலை வேறு. அவர் வீட்டிற் கணனி இல்லை. தொழிலும் இல்லை. ஆனால் உறவினர் பலர் இருந்தனர். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எஞ்சியிருந்தோருக்கும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறியிருந்தோருக்கும் இடையே செய்தியைக் கடத்தும் நடுநிலையமாக அவர் இல்லம் விளங்கியது. அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த அக்காலத்தில், ஒருமுறை மணியடித்து நிறுத்துவதே உறவினரிடையே ஒரு குறிப்பு மொழியாயிற்று. மூன்று மாத உழைப்பில் 300க்கு மேற்பட்ட பெயர்களை அவர் கருவியுள் எழுதி முடித்தார். அதற்குரிய சிறு எழுதுகோல் காலி வீதிப் பேருந்தொன்றிலே தொலைந்தபின், மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் எழுதினார்.

எழுதியவை ஆங்கில எழுத்தில் அமைந்தமை அவரைத் துன்புறுத்தியது. அவர் கையிலிருந்த கருவி தமிழ் அறியாது. ஞானம் என்னும் பெயர் ஆங்கில ‘ஜி’ வரிசையிற் போய் அமர்ந்தது. சண்முகத்தைச் சிலர் ‘எஸ்’ கொண்டும் சிலர் ‘சி’ கொண்டும் எழுதுவர். எவ்வாறு எழுதினோம் என்பதை மறந்தால் ஆளைக் காண்பது அரிது. ழகரமும் ளகரமும் ஒரே எழுத்தாகி நின்றன. தமிழ் எழுத்துகள் 1991 ஆம் ஆண்டின் முதலாவது யுனிக்கோட் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தபோதிலும், பலரது கைக்கருவிகளை அவை வந்தடையப் பல்லாண்டுகள் சென்றன. பெயர்கள் பிறமொழி உடை தரித்துத் தம்மை நோக்கி நிற்பதாக அவர் சொல்வதுண்டு.

போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டிருந்தது. 2003 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஆசிரியர், வன்னியிலிருந்த தம் தமக்கையாரைக் காணச் சென்றார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒரு படைவீரர் கருவியின் மூடியைத் திறந்து பார்த்து, இது தொலைபேசியா, கணனியா என்று வினவினார். இரண்டும்தான் என்று ஆசிரியர் விடையிறுத்தார். வீரர் சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

தமக்கையாரின் ஊரில் மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசிச் சேவையும் இல்லை. பேச முடியாத கருவியைப் பெட்டியினுள் வைத்துவிட்டு ஆசிரியர் இரு வாரங்கள் உறவினரோடு மகிழ்ந்திருந்தார். வெள்ளவத்தைக்குத் திரும்பி மின்னேற்றியபோது கருவி உயிர்பெற்றது. ஆனால் புதிதாக வாங்கியவரை வரவேற்பது போல அது அவரை வரவேற்றது. திரையின் மூலைகளைத் தொட்டுக் காட்டுமாறு வேண்டியது. பெயர்கள் அனைத்தும் அழிந்துபோயிருந்தன.

இதற்குக் காரணம் எளிது. அக்காலக் கையகக் கணனிகள் பலவற்றின் நினைவகம், மின்சாரம் இருக்கும்வரையே தன்னிடமுள்ளதைக் காக்கும் இயல்பினது. மின்கலம் முற்றாகத் தீர்ந்தால் நினைவும் தீரும். வெறும் கையகக் கணனி எனின் அணைத்துவைத்த நிலையிற் பல வாரங்கள் தாங்கியிருக்கும். இங்கோ கணனியோடு தொலைபேசியும் ஒரே மின்கலத்தில் வாழ்ந்தது. சேவை இல்லாத இடத்திலே தொலைபேசி சும்மா இருப்பதில்லை. கோபுரம் எங்கேனும் உண்டோ என இடைவிடாது தேடும். தேடுந்தோறும் மின்னை உண்ணும். வன்னிக் காட்டோரத்தில் இல்லாத கோபுரத்தைத் தேடித் தேடியே அது, தன்னோடு உடனுறைந்த கணனியின் நினைவையும் அழித்துவிட்டது. தொலைபேசிப் பகுதியை மட்டும் அணைக்கும் வழி இருந்தது. அதனை ஆசிரியர் அறிந்திருக்கவில்லை.

செய்தி கேட்டு விரைந்து வந்த மாணாக்கர், “பிரதி எடுத்து வைக்கேல்லையா மாஸ்ரர்? இதுக்கு ஒவ்வொரு நாளும் பிரதி எடுக்க வேணுமெண்டு நான் சொல்லியிருக்க வேணும்” என வருந்தினார். அப்போது ஆசிரியரின் மனைவியார் சமையலறை அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியைக் கொணர்ந்து மேசையில் வைத்தார். “இஞ்சாருங்கோ, இதிலை முக்கால்வாசிப் பேர் இருக்கினம்” என்றார்.

அக்கொப்பி 1983 ஆடிக் கலவரத்தின்போது, அகதி முகாமுக்குச் செல்கையில் நகைப் பொட்டலத்தோடு அவர் கைப்பையில் எடுத்துச் சென்றது. பலசரக்குக் கணக்குகளுக்கிடையே உறவினரின் முகவரிகள் தமிழில் எழுதப்பட்டிருந்தன. முகவரி மாறியபோதெல்லாம் அம்மையார் பழையதை ஒரு கோட்டினால் வெட்டி, புதியதை அதன் கீழே எழுதியிருந்தார். பம்பலப்பிட்டி, சென்னை, பிராங்போர்ட், ரொறன்ரோ என ஒருவர் கடந்துவந்த வழி முழுவதும் ஒரு பக்கத்திலே கிடந்தது. கருவியில் எழுதும்போது ஆசிரியர் பழையதை அழித்துப் புதியதை இட்டிருந்தார். இறுதியில் எங்கிருக்கிறார் என்பதை அது அறியும்; எங்கெல்லாம் இருந்தார் என்பதை அறியாது.

சில கிழமைகளிற் பெரும்பாலான எண்கள் மீண்டன. ஒருவருடைய எண் மாத்திரம் மீளவில்லை. ஆசிரியரோடு ஒரே பாடசாலையிற் பல்லாண்டு கற்பித்து, ஐரோப்பாவில் தஞ்சம் கோரி நாடு நாடாக அலைந்த நண்பர் அவர். தம் புதிய எண்ணைத் தொலைபேசியிலே சொன்னதனால், அது நேரே கருவியுட் சென்று சேர்ந்திருந்தது. கொப்பியிலிருந்த பழைய முகவரிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. அவர் தாமாக அழைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பின்வந்த காலத்திலே மலிவான கட்டணத் திட்டங்களும் புதிய கருவிகளும் வந்தன. மகன் வற்புறுத்தியும் ஆசிரியர் தம் எண்ணை மாற்ற இணங்கவில்லை. நண்பர் அறிந்த எண் அது ஒன்றே.

2006 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று காலையில் அழைப்பு வந்தது. நண்பரின் குரலைக் கேட்டதும் ஆசிரியர் நலம் விசாரிக்கவுமில்லை, பொங்கல் வாழ்த்துக் கூறவுமில்லை. “முதலிலை நம்பரைச் சொல்லும்” என்றார். கருவி காதோடு இருந்தது; திரையைப் பார்க்க இயலாது. அவர் ஒவ்வோர் இலக்கமாக உரக்கச் சொல்ல, அருகிலிருந்த மனைவியார் கொப்பியில் எழுதினார். பேசுவதும் எழுதுவதும் ஒரு கருவியுள் வந்தபின்னும், அன்று அவ்விரண்டையும் ஒருங்கே செய்ய இருவர் வேண்டியிருந்தது.

இன்று அத்தகைய கருவிகள் பழம்பொருளாகிவிட்டன. 2007 இல் ஐபோன் வந்தபின் கைத்தொலைபேசியின் உருவமே மாறியது. மின்கலம் தீர்ந்தாலும் நினைவு அழிவதில்லை. தமிழ்ப் பெயர்கள் தமிழிலேயே நிற்கின்றன. பிரதிகள் உரியவர் அறியாமலே எங்கோ தொலைவிலுள்ள கணனிகளிற் சேர்கின்றன. மாணாக்கர் ஆண்டுதோறும் புதிய கருவி வாங்கும்போது ஆசிரியருக்கும் அதன் சிறப்புகளை விளக்குவார். ஆசிரியர் பொறுமையோடு கேட்பார். தாமும் ஒன்றை வாங்கிப் பழகிக்கொண்டார். ஆயினும் புதிய எண் ஒன்று கிடைக்குமாயின் அது முதலிற் கொப்பியிலும், பின்னரே கருவியிலும் எழுதப்படும் என்பது அவ்வீட்டின் வழக்கமாயிற்று. கொப்பி நிறைந்தபோது அம்மையார் புதியதொன்றை வாங்கி, பழையதன் அட்டையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார்.