காருக்கு மூக்கு எங்கே?

மனிதனுக்கு மூக்கு எங்கே இருக்க வேண்டும் என்று எவரும் வாதிட்டதில்லை. படைத்தவனே முடிவு செய்துவிட்டான். ஆனால் மோட்டார் காரின் மூக்கை எங்கே வைப்பது என்பது பற்றி, நமது சங்கரன்கோவிலில் ஒரு பட்டறையில் மாலை முழுவதும் வாதம் நடந்தது. இயற்பியல் மாணவன் என்பதால் என்னையும் பேசவிட்டார்கள்.

காருக்கு மூக்கா என்று நண்பர்கள் நகைக்க வேண்டாம். ஆக்சிஜன் சென்சாரைத்தான் சொல்கிறேன். புகைக்குழாயில் அமர்ந்து, எரிந்தது போக எவ்வளவு பிராணவாயு மிச்சம் என்று மோப்பம் பிடிக்கும் கருவி. 1976-இல் பாஷ் நிறுவனம் செய்து வால்வோ கார்களில் ஏறியது. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் மோட்டார் சைக்கிளுக்கும் வந்துவிட்டது. உள்ளே இருப்பது ஜிர்க்கோனியா என்னும் பீங்கான். அதன் இரு புறமும் பிராணவாயுவின் பகுதி அழுத்தம் வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். தேர்வுக்காக நாம் உருப்போடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடேதான்! ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது சரியான கணக்கு. அதில் ஏற்றத்தாழ்வு கண்டால் சென்சார் சொல்லும். வண்டியின் கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். கடனில் வாங்கிய பழைய டர்போ கார். இரண்டு மாதமாகப் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. தவணை கட்டச் சித்தியின் வளையல் அடகுக்குப் போயிற்று. பார்த்தால், டர்போவிலிருந்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போகும் குழாயில் கீறல். புதுக்குழாய் வாங்க வசதியில்லை. பட்டறையிலேயே குழாய் வளைத்துக்கொள்வது என்றாயிற்று. சென்சார் திருகும் நட்டை எங்கே பற்றவைப்பது?

“எஞ்சின ஒட்டி, டர்போவுக்கு முன்னாலேயே வச்சிருங்க அண்ணாச்சி. சூடு இருந்தாத்தான் அது வேலை செய்யுமாம்” என்றார் சித்தப்பா. மெக்கானிக் அண்ணாச்சியோ, கை எட்டும்படி பின்னால், கன்வர்ட்டரையும் தாண்டி வைக்கலாம் என்றார்.

சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. முன்னூறு டிகிரிக்கு மேல்தான் அந்தப் பீங்கான் உணர்வு பெறும். ஆனால் அதற்கென்று சென்சாருக்குள்ளேயே ஹீட்டர் இருக்கிறது. டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு தொள்ளாயிரம் டிகிரியைத் தாண்டவும் கூடும். பாஷின் இன்றைய சென்சார் ஒன்று தொடர்ந்து தாங்கும் எல்லையே 930 டிகிரிதான். மேலும் டர்போ என்பது புகை சுற்றும் சக்கரம். சக்கரத்தைத் தள்ளுமுன் புகை நெருக்கியடித்து நிற்கும். அழுத்தம் ஏறினால் சென்சார் உள்ளதை மிகைப்படுத்திச் சொல்லும். சக்கரத்தைக் கடந்தால் சூடும் தணியும், அழுத்தமும் தணியும். அண்ணாச்சி சொன்ன இடமும் ஆகாது. கன்வர்ட்டர் மிச்சப் பிராணவாயுவை மாற்றிவிடும், செய்தியும் தாமதமாகும். அங்கே கன்வர்ட்டரை வேவு பார்க்க ஏற்கெனவே இன்னொரு சென்சார் இருக்கிறது. ஆக, டர்போவுக்குப் பின், கன்வர்ட்டருக்கு முன்.

அண்ணாச்சி சாக்பீஸால் குழாயின் அடிப்பக்கம் ஒரு வட்டம் போட்டார். அதுவும் கூடாது என்றேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. காலையில் குளிர்ந்த குழாயில் அது துளியாய்த் தேங்கும். காய்ந்த பீங்கானில் பட்டால் விரிசல்தான். சென்சார் மேல்பாதியில், படுகிடைக்குப் பத்து டிகிரியாவது நிமிர்ந்து நிற்க வேண்டும்.

“அப்போ பெட்ரோல் எங்கல போச்சு?” என்றார் சித்தப்பா. பழைய கீறல் சென்சாருக்கு முன்னால் இருந்தது. புகை துடித்துத் துடித்தே போகும். அழுத்தம் தாழும் கணத்தில் கீறல் வழியே வெளிக்காற்று உள்ளே புகும். காற்று மிகுதி என்று சென்சார் சொல்ல, கணிப்பொறி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. புதுக்குழாயை மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, சூடேறுமுன் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினார். டர்போவின் வாயருகே ஒரு குமிழி எழுந்தது. கேஸ்கட்டைக் கழற்றிப் புதிது போட்டார். மறுமுறை நுரை அசையவில்லை. சித்தப்பா மறுநாள் விடியலில் குற்றாலத்துக்குச் சவாரி ஏற்றினார்.