இரண்டு-எட்டு வளையல்

மார்ச் 7, சனி

ஹனோவரின் லிண்டன் பகுதியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறை ஒன்று இருக்கிறது. லிஃப்ட், காற்று ஸ்பானர், குழாய் வெட்டும் இயந்திரம் எல்லாம் அவர்களுடையவை. உழைப்பும் அழுக்கும் நம்முடையவை. இன்று காலை அண்ணையின் வேன் அங்கே லிஃப்டில் ஏறியது.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஹனோவருக்கு வந்து கனகாலம். நான் கோயம்புத்தூர். எங்கள் இருவரையும்விட அந்த வேன்தான் அசல் உள்ளூர்வாசி. 1980களில் இங்கே ஸ்டோக்கன் ஆலையில் பிறந்த ஃபோக்ஸ்வாகன் டி3. பின்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்த 1.6 லிட்டர் டீசல் இன்ஜின், 50 குதிரைத்திறன். தட்டையான ஹனோவரில் அது போதும். தெற்கே ஏ7 சாலையில் காசெல் ஏற்றம் வந்தால் லாரிக்காரர்களே ஒலி எழுப்பி விரட்டுவார்கள். அதே டி3-இல் ஆலையே பின்னாளில் டர்போ வைத்து 70 குதிரைத்திறன் எடுத்தது. அண்ணை கேட்பதும் அந்த இருபது குதிரைகளைத்தான். அதற்குமேல் ஆசைப்பட்டால் பிஸ்டனுக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஆலை டர்போ வைத்தபோது பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிரவைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்தது. அண்ணையின் இன்ஜினிலும் அந்த வேலை போன குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டது.

டர்போ கிட் பெரிய அட்டைப்பெட்டியில் வந்திருந்தது. மேனிஃபோல்டு, டர்போ, எண்ணெய்க் குழாய்கள், டர்போவிலிருந்து கீழிறங்கும் டவுன்பைப், சிலிக்கான் ஹோஸ்கள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிளாம்ப்புகள், எல்லாம் கலந்து கட்டி. பையின் மேல் பேனாவால் "63" என்று மட்டும் எழுதியிருந்தது.

"அறுபத்து மூணுன்னு போட்டிருக்குதுங்களே அண்ணா, டவுன்பைப்பும் அறுபத்து மூணுதானுங்களே" என்றேன்.

"தம்பி, பையில எழுதினதை நம்பாதையும். முதல்ல இரும்பை அளந்து பாரும்" என்றார் அண்ணை.

அளந்தோம். டவுன்பைப்பின் வெளிவிட்டம் வெர்னியரில் 63.5. டர்போவின் வாயில் மாட்ட வேண்டிய வி-பேண்ட் கிளாம்ப் முனைகள் இரண்டும் ஒட்டும்வரை முறுக்கிய பிறகும் கையால் சுழன்றது. அதற்குள் வாடகை நேரம் முடிந்துவிட, வேனை இறக்கி ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம்.

மார்ச் 8, ஞாயிறு

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது, சுத்தியலும் கிடையாது. துளைப்பான் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அளப்பதற்கு ஏற்ற நாள். டவுன்பைப்பை வீட்டுக்கே கொண்டுவந்து அடுக்களை மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து வைத்தேன். 1956-இல் இதே மார்ச் 8 அன்றுதான் ஸ்டோக்கன் ஆலை வேன் உற்பத்தியைத் தொடங்கியது.

சைலன்சர் குழாய்க்கு அளவு சொல்வதில் இரண்டு உலகம் உண்டு. அமெரிக்க வழக்கம் அங்குலம்: இரண்டு, இரண்டேகால், இரண்டரை, மூன்று. மில்லிமீட்டரில் சொன்னால் 50.8, 57.15, 63.5, 76.2. ஐரோப்பியக் குழாய்கள் 45, 50, 55, 60, 70 என்று நேராக மில்லிமீட்டரில் வரும். நடுவே அங்குலக் குழாயைத் தோராயமாக "63" என்றும் "76" என்றும் எழுதி விற்பவர்களும் உண்டு. எங்கள் பையில் இருந்தது அந்தக் கலப்பு. இரண்டில் ஒரு கிளாம்ப் 60-க்கானது, மற்றது அங்குல அளவில் ஏதோ ஒன்று. மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் வெப்பம் ஏறிய சைலன்சரின் அடியில் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த அளவு எனக்குப் பழகியதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. மதியம்தான் பிடிபட்டது: வளையல். நம் ஊரில் வளையல் அளவை ரெண்டு-நாலு, ரெண்டு-ஆறு, ரெண்டு-எட்டு என்பார்கள். முதல் எண் அங்குலம், அடுத்தது அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பது. ரெண்டு-நாலு என்றால் இரண்டேகால் அங்குலம், 57.15. ரெண்டு-எட்டு என்றால் இரண்டரை அங்குலம், அட்சரசுத்தமாக 63.5. அண்ணையின் டவுன்பைப் ரெண்டு-எட்டு கை. வீட்டுக்காரியிடம் சோதனைக்கு ஒரு வளையல் கேட்டேன். கிடைக்கவில்லை.

வளையல்காரர் கேட்கும் முதல் கேள்வி எந்தக் கைக்கு என்பது. கிளாம்ப்புக்கும் அதே கேள்வி உண்டு. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழையும் இடத்தில் கிளாம்ப் உட்காருவது வெளிக்குழாயின் மேல். ஆகவே வெளிக்குழாயின் வெளிவிட்டம்தான் கிளாம்ப்பின் அளவு. உள்ளே போகிற குழாயின் எண்ணைச் சொல்லி வாங்குகிறவர்கள் ஏராளம். 63.5 குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் உள்விட்டம் 60.5. அதற்குள் ஐரோப்பிய 60 குழாய் அரை மில்லிமீட்டர் இடைவெளியோடு வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு உலகமும் தற்செயலாக ஒத்துப்போகும் இடம் அது. வெளிக்குழாயின் விளிம்பில் ரம்பத்தால் நீளவாக்கில் வெட்டு விட்டால் அது சுருங்கி 60-ஐப் பிடித்துக்கொள்ளும். அங்கே வேண்டியது அகலப் பட்டைக் கிளாம்ப், 63.5-க்கு. யு-போல்ட் கிளாம்ப்பும் பிடிக்கும், ஆனால் குழாயை நசுக்கிவிடும். அடுத்த முறை கழற்றும்போது இரண்டும் பிரியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வெர்னியர் இல்லாதவர்கள் நூலைச் சுற்றிச் சுற்றளவை எடுத்து 22-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். நான் சரிபார்க்கச் சுற்றிய நூல் 200 மில்லிமீட்டருக்கு நூலிழை குறைவாக வந்தது. பழைய குழாய் நீள்வட்டமாக நசுங்கியிருந்தால் வெர்னியரைவிட நூலே உண்மை சொல்லும்.

குளிர்ந்த பக்கத்துக் கணக்கு வேறு. டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் சிலிக்கான் ஹோஸின் மேல் கிளாம்ப் உட்காருவதால் ஹோஸின் தடிமனையும் இரண்டு முறை கூட்ட வேண்டும். குழாய் 60, ஹோஸ் தடிமன் 5 என்றால் கிளாம்ப் 70-க்கு.

மார்ச் 10, செவ்வாய்

வேலை முடிந்து நகரின் வடக்கே லாரி உதிரிபாகக் கடை ஒன்றுக்குப் போனேன். கார் கடையில் இல்லாத வி-பேண்ட் கிளாம்ப் லாரிக் கடையில் கிடைக்கும். லாரி டர்போக்களில் அது அன்றாடப் பொருள்.

வி-பேண்டின் சூட்சுமம் இது. இரண்டு குழாய் முனைகளிலும் சரிவான விளிம்பு இருக்கும். கிளாம்ப்பின் உட்புறம் வி வடிவப் பள்ளம். போல்ட்டை முறுக்கினால் வளையம் சுருங்கும். சுருங்கும்போது சரிவு வழுக்கி இரு விளிம்புகளையும் ஒன்றோடொன்று அழுத்தும். ஒரே போல்ட் சுற்றிலும் சமமாக இறுக்கிவிடுகிறது. ஹாலிவுட்டின் மார்க்ஸ் சகோதரர்களில் இளையவரான ஸெப்போ மார்க்ஸ் நடிப்பை விட்டபின் நடத்திய மார்மன் கம்பெனிதான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. இன்றும் ராக்கெட்டிலிருந்து செயற்கைக்கோளைப் பிரித்துவிடும் வளையத்துக்கு மார்மன் என்றே பெயர்.

கடைக்காரர் நான் சொன்ன "இரண்டரை அங்குலம்" என்பதைக் காதில் வாங்கவே இல்லை. "விளிம்பின் வெளிவிட்டம் எவ்வளவு? சரிவு எத்தனை டிகிரி? டர்போவின் எண் என்ன?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். இரண்டரை அங்குல வி-பேண்ட் என்றால் இரண்டரை அங்குலக் குழாயில் பற்றவைக்கும் விளிம்புக்கானது என்றுதான் பொருள். விளிம்பு குழாயைவிடப் பெரிது. எவ்வளவு பெரிது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். குழாய் முனை விளிம்பையாவது வெட்டிவிட்டு வேறு பற்றவைக்கலாம், டர்போவின் வாய் வார்ப்பிரும்பு, அதை மாற்ற முடியாது. அதனால் டர்போ பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அளந்து வைத்திருந்த 82 மில்லிமீட்டரையும் டர்போ தகட்டிலிருந்த எண்ணையும் கொடுத்தேன். இழுப்பறையிலிருந்து ஒரு கிளாம்ப்பை எடுத்து மேசையில் வைத்தார். அதற்குப் பொருந்தும் விளிம்பையும் கூடவே வாங்கச் சொன்னார்.

மாட்டிப் பார்க்கும்போது பார்க்க வேண்டியதையும் அவரே சொன்னார். முழுக்க இறுகியபின் முனைகளுக்கு நடுவே சிறிது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். முனைகள் தொட்டுவிட்டால் கிளாம்ப் பெரிது. போல்ட்டைப் பிடிக்கவே மல்லுக்கட்டினால் சிறிது, அல்லது விளிம்பு நேராக உட்காரவில்லை. பெட்டியில் வந்த கிளாம்ப் சனிக்கிழமை முனைகள் ஒட்டியும் சுழன்றதன் காரணம் அது பெரிதாக இருந்ததுதான்.

இது இளக்காரமாக விடும் விஷயமில்லை. டர்போ வைத்த சிறு விமானங்களில் இந்தக் கிளாம்ப் உடைந்து, கக்கிய அனலில் தீப்பிடித்திருக்கிறது. அமெரிக்க விமானத்துறை 2023-இல், பல துண்டுகளைப் புள்ளி வெல்டிங்கில் சேர்த்துச் செய்த வகைக்கு 500 மணி நேரம் என்று ஆயுளே குறித்துவிட்டது.

மார்ச் 14, சனி

மறுபடி லிண்டன். புதிய விளிம்பை டவுன்பைப்பில் பற்றவைத்தது அண்ணை. வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஊர்க்கதைக்குப் போனார். 1990களில் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராது. சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். "மொரிஸ் மைனரையும் ஏ-நாற்பதையும் அப்பிடித்தான் ஓடினனாங்கள். கிளாம்ப்புக்கு எங்க போறது? தகரத்தை வெட்டிச் சுத்திக் கம்பியால முறுக்குறதுதான். ஆனா அதுக்கும் அளவு பாத்துத்தான் வெட்டினனாங்கள்."

இறுக்கும் முறையில்தான் பாதி வேலை. டவுன்பைப்பின் எடையைத் தாங்கிகளில் முதலில் தொங்கவிட வேண்டும், டர்போவின் கழுத்தில் விடக்கூடாது. பிறகு வி-பேண்டைப் பாதி இறுக்கி, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி தட்ட வேண்டும். தட்டாமல் ஒரே மூச்சில் முறுக்கினால் போல்ட் அருகே மட்டும் இறுகும், எதிர்ப்பக்கம் தளர்ந்தே இருக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அதே எஃகு நட்டும் உலர்வாகச் சேர்ந்தால் மரை ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும். வெப்பம் தாங்கும் பசை ஒரு துளி தடவ வேண்டும். நைலான் வைத்த பூட்டு நட்டு உருகிப் போகும். இங்கே செம்பு பூசிய நட்டுதான்.

கிட்டில் வந்த ஒரு பட்டைக் கிளாம்ப் சரியான அளவிலேயே இருந்தும் அண்ணை அதை ஒதுக்கிவிட்டார். காந்தம் ஒட்டாத எஃகு அது, குழாயோ காந்தம் ஒட்டும் வகை. சூடேறும்போது முதல் வகை அதிகம் விரியும். 500 டிகிரி ஏறினால் 63.5 விட்டமுள்ள வளையம் அரை மில்லிமீட்டரளவு பெருக்கும், குழாய் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பெருக்கும். குளிரில் கச்சிதமாக இருந்த பிடி ஏற்றத்தில் நழுவும். என்னிடம் கேட்டால் மாட்டிவிட்டிருப்பேன்.

மார்ச் 21, சனி

ஹில்டெஸ்ஹைம் வரை போய்த் திரும்பினோம். வேன் நான்காவது கியரிலேயே ஏறுகிறது, விசில் சத்தம் அண்ணைக்குச் சங்கீதம். ஆறியபின் லிஃப்டில் ஏற்றி எல்லாக் கிளாம்ப்பையும் மறுபடி இறுக்கினோம். முதல் சூட்டுக்குப் பிறகு எல்லாமே கொஞ்சம் தளரும். கசிவு பார்க்க எளிய வழி உண்டு: குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு, கையுறை போட்டுச் சைலன்சர் வாயைத் துணியால் கொஞ்சம் அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி சொல்லிவிடும். டீசலில் கசியும் இடத்தில் கரிக்கோடும் விழும். டர்போவுக்கு முன்னால் கசிந்தால் அதன் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய அழுத்தம் வீண். பெட்ரோல் காரில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கணினி ஏமாந்து எரிபொருளைக் கூட்டும். கசிந்த புகை வேனுக்குள் புகுந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனை கிடையாது.

மார்ச் 27, வெள்ளி

இன்று பரிசோதனை. இந்த நாட்டில் வாகனத்தை மாற்றலாம், ஆனால் புகையோ சத்தமோ மோசமானால், ஆபத்து வருமென்றால் வண்டியின் இயக்க அனுமதியே ரத்து. வாகன அனுமதி விதிகளின் 19-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. 21-ஆம் பிரிவின்படி நிபுணர் பார்த்து எழுதித் தந்ததை ஆவணத்தில் ஏற்ற வேண்டும். அண்ணை வேலை தொடங்கும் முன்பே பரிசோதகரிடம் பேசியிருந்தார். அதே வரிசை வேனில் ஆலையே போட்ட டர்போ என்பதால் 30 வயது தாண்டிய வண்டிக்கான எச் நம்பர் பிளேட்டுக்கும் சிக்கல் வரவில்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் வைத்துப் பார்த்தால் இந்த வேலைக்குக் கதவே கிட்டத்தட்டச் சாத்தியிருக்கிறது. நியாயமாக அளந்து சோதித்துச் செய்கிறவனுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

பரிசோதகர் விளக்கைப் பிடித்து வி-பேண்டின் முனை இடைவெளியைப் பார்த்தார், தாங்கிகளை ஆட்டிப் பார்த்தார், புகையை அளந்தார். தேர்வானது.

கிட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: டர்போ வாய் விளிம்பின் வெளிவிட்டம் எத்தனை மில்லிமீட்டர், டவுன்பைப்பின் வெளிவிட்டம் எத்தனை, கிளாம்ப் எந்த எஃகு. மூன்றுக்கும் எண்ணோடு பதில் வரவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.