சீட்டில் இல்லாத காய்

டிசம்பர் 15, கண்டியப்பேரி

உழவர் சந்தையில் கடை போட விவசாயியாக இருந்தால் மட்டும் போதாது, விவசாயி என்று சொல்லும் அட்டையும் வேண்டும். நிலத்துக்கும் பயிருக்கும் கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுக்க வேண்டும். அதன்பிறகு வேளாண் வணிகத் துறை புகைப்படம் ஒட்டிய அட்டை தரும். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே கிடைக்கும். நயினார்குளம் மொத்த மார்க்கெட் விலையைக் கேட்டறிந்து, அதைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் கூட்டி, வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் போலக் குறைத்துத் தினமும் பலகையில் எழுதுவார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஆள் இல்லை என்பதுதான் ஏற்பாடு.

இதற்கு முன்னோடிகள் உண்டு. பஞ்சாபில் 1987-இல் ‘அப்னி மண்டி’ வந்தது, ஆந்திராவில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’. அதே ஆண்டு நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் திறந்தார். ஆட்சி மாறியபோது இந்தச் சந்தைகள் சில காலம் களையிழந்து, 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றன. நெல்லையில் டவுண்காரர்களுக்குக் கண்டியப்பேரி, பாளையங்கோட்டைக்காரர்களுக்கு மகாராஜநகர்.

இன்று எனக்கு முன்னால் நின்றவர் போனைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார்: கேரட் கால், பீன்ஸ் கால், வெண்டை அரை, தக்காளி ஒன்று. விற்ற அம்மாளிடம் இருந்தது வெள்ளைக் கத்தரிக்காய் மட்டும், ஒரு கூடை நிறைய. பனி ஈரம்கூட இன்னும் காயவில்லை. அவர் அதைத் திரும்பியே பார்க்காமல் போய்விட்டார்.

“சீட்டுல எழுதாத காயை யாரு அண்ணாச்சி வாங்குதா?” என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் பார்ப்பதைச் சொன்னார்.

இந்தக் காயெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 21, மானூர்

சங்கரன்கோவில் சாலை. தாமிரபரணிப் பாசனம் இந்தப் பக்கம் எட்டாது. சிற்றாற்றுத் தண்ணீரில் நிறையும் மானூர் பெரியகுளம், அதுவும் இல்லையென்றால் கிணறு. நான் விசாரித்த விவசாயி ஒரே வரியில் முடித்தார்: “குளத்துல தண்ணி வந்தா நெல்லு. வரலைன்னா உளுந்து. கெணத்துல எம்புட்டு ஊறுதோ அம்புட்டுக்குக் காய்.”

அந்த ‘அம்புட்டு’ முக்கால் ஏக்கர். அதில் பாதி வெண்டை, மீதி கத்தரியும் மிளகாயும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இது 2015–16 வேளாண் கணக்கெடுப்பின் கணக்கு. நிலம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள் என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இவர் விதிவிலக்கே இல்லை.

வெண்டை விதைத்து நாற்பத்தைந்து நாள் போலக் கழிந்ததும் காய்க்கத் தொடங்கும். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் காய் முற்றிப்போகும், நுனியை ஒடித்துப் பார்க்கிற டவுண்காரர் தொடமாட்டார். சுனை அரிக்கும் என்று விரலில் துணி சுற்றிக்கொண்டு இருட்டோடு இறங்குகிறார்கள். வீட்டு ஆட்கள் மட்டும் பறித்தால் கட்டும், கூலிக்கு ஆள் விட்டால் கட்டாது. காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது சுமக்க முடியாத அளவு வரும். செடி ஓய்ந்ததும் அடுத்த விதைப்பு காய்க்கும்வரை ஒன்றும் இருக்காது.

முழு வருடமும் அரைக்கிலோ வெண்டை வேண்டும் என்பது டவுண் சமையலறையின் கணக்கு. சில வாரம் மூட்டையாக, பிறகு பூஜ்யம் என்பது முக்கால் ஏக்கரின் கணக்கு. இந்த இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் நடுவில் ஒரு மொத்த வியாபாரி வேண்டும். ஊர் ஊராக வாங்கிச் சேர்த்து, ஒரு வயலின் பஞ்சத்தை இன்னொரு வயலின் மிகுதியால் மறைப்பது அவர் வேலை. உழவர் சந்தை அவரை வெளியே நிறுத்தியது. அவர் செய்துவந்த வேலையை இப்போது யார் செய்வது என்பதற்குப் பலகையில் பதில் இல்லை.

மானூருக்கு வந்துவிட்டு இந்த ஊரின் பழைய கல்வெட்டை நினைக்காமல் திரும்ப முடியவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்தைய பாண்டியர் காலத்தது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி வகுத்தபோது நிலப்பங்கையும் கணக்கில் எடுத்தது. இன்றைய அட்டைக்கும் நிலக் காகிதம்தான் ஆதாரம். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர்கள் அன்றும் இன்றும் அந்தக் காகிதத்துக்கு வெளியேதான்.

டிசம்பர் 28, சேரன்மகாதேவி

இது வேறு உலகம். சாலைக்கு இரண்டு பக்கமும் வாழை, வாழைக்கு அந்தப் பக்கம் வயல். பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணியைக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் வாய்க்காலுக்குத் திருப்புகின்றன. கடைசியிலுள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது, மற்றவை அதற்கும் முந்தையவை. எல்லாம் சேர்ந்து 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம். சேரன்மகாதேவிக்குக் கன்னடியன் கால். டவுணுக்குச் சுத்தமல்லியிலிருந்து வரும் நெல்லைக் கால், நயினார்குளத்துக்கும் அதுதான்.

நான் நின்ற தோட்டம் ஒன்றரை ஏக்கர். ஏத்தனும் கதலியும். வாழைக்கு வருடம் போல ஆகும், முட்டுக்கம்பு வேறு வாங்க வேண்டும். குலை தள்ளிய நேரத்தில் சூறைக்காற்று வந்தால் தீர்ந்தது. “ஒரு வருசத்துப் பாட்டை ஒரே ராத்திரில படுக்க வச்சிரும்” என்றார் தோட்டக்காரர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவரே தொடங்கினார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அன்று ஆறு கரைக்குள் ஓடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் சேற்றில் நின்ற கன்றுகள் கிழங்கு அழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன என்றார்.

தார் முழுக்க வியாபாரிக்குப் போகிறது. உழவர் சந்தைக்கு இவர் கொண்டுவருவது வாழைப்பூ, தண்டு, இலை, மொந்தன் காய். குலை வெட்டும்வரை கைச்செலவு இவற்றில்தான் ஓடுகிறது. டவுணில் தண்டு நறுக்க நேரமில்லை, பூ ஆய நேரமில்லை. விருந்து நாளில் மட்டும் இலையைத் தேடி வருகிறார்கள்.

“கல்யாண மாசம்னா எலைக்கு அடிச்சுக்கிடுவாவ. மார்கழில ஒரு கட்டு எலை விக்கதுக்குள்ள வாடிப்போவுது,” என்று சொல்லிக்கொண்டே, காசு வாங்காமல் இரண்டு பூவைக் கையில் திணித்தார் அவர் வீட்டம்மா. “மைனிக்கிட்ட குடுங்க அண்ணாச்சி. முருங்கைக்கீரை போட்டு வதக்கச் சொல்லுங்க.”

ஜனவரி 7, முக்கூடலுக்கு அப்பால்

கடையம் போகும் சாலை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு இந்தச் சாலை மாவட்டம் தாண்டுகிறது. இரண்டு பக்கமும் விளையும் சிறுகிழங்குக்கு அந்த எல்லை தெரியாது.

தையும் சிறுகிழங்கும் நெல்லைக்காரருக்குப் பிரித்துச் சொல்ல முடியாதவை. பொங்கலுக்கு வீட்டு வாசலில் மஞ்சள்குலை, கரும்பு, பனங்கிழங்கோடு இதுவும் இருந்தாக வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் போகும் பொங்கல்படியில் இது இல்லையென்றால் பேச்சு வரும். கிழங்கை முதலில் நாற்றாங்காலில் முளைக்கவிட்டு, படர்ந்த கொடியைக் கிள்ளி ஆடி, ஆவணியில் வயலில் நடுகிறார்கள். பகல் குறுகும் மாதங்களில்தான் இந்தச் செடி கிழங்கு வைக்கும். சித்திரையில் வேண்டும் என்று எவ்வளவு பணத்தை நீட்டினாலும் இந்த வயல் தராது.

பெண்கள் வரிசையாகக் குந்தி மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பொறுக்கினார்கள். பெரிது தனி, பொடி தனி. பொடிக் கிழங்குதான் ருசி, ஆனால் தோல் எடுப்பது பெரும்பாடு. சாக்கில் போட்டுத் தரையில் அடித்து உருட்டுகிற வித்தை தெரிந்தவர்கள் பொடியை வாங்குவார்கள், தெரியாதவர்கள் பெரிதைக் கேட்பார்கள். விலையும் அதன்படிதான்.

“பொங்கல் முடிஞ்சா என்ன செய்வீங்க?” என்று அங்கிருந்த ஆச்சியிடம் கேட்டேன்.

“பொங்கலுக்கு மறுவாரமும் கெழங்கு கெழங்குதானய்யா. தின்னுதவிய நாக்குதான மாறிப்போவுது.”

ஜனவரி 13, கண்டியப்பேரி

போகி. நிற்க இடமில்லை. சிறுகிழங்கு வெளிச்சம் வருவதற்குள் முடிந்துவிட்டது. வழக்கமாக இங்கே காய்கறி வாங்காத வீட்டுக்காரர்கள்கூட இன்று சந்தைக்கு வந்திருந்தார்கள். யார் கையிலும் போன் சீட்டு இல்லை. தையில் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வந்ததை வாங்கிப் போனார்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் வருடம் முழுக்க இப்படித்தான் வாங்கியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 26, அம்பாசமுத்திரம்

பிசான அறுவடை தொடங்கிவிட்டது. தென்மேற்கு மழையை நம்பிக் கார், வடகிழக்கு மழையை நம்பிப் பிசானம். இரண்டு மழையும் இந்த ஆற்றுக்கு உண்டு என்பதால் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். 143 அடி பாபநாசம் அணை நிறைந்தது என்ற செய்தி டவுணில் வெறும் தலைப்பு. இங்கே அது ஒரு குடும்பத்தின் ஆறு மாதம்.

அம்பை நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-லிருந்து இருக்கிறது. 1986-இல் அது வெளியிட்ட அம்பை 16 குட்டையான தடித்த அரிசி. இட்லிக்குப் போடும் அரிசி எங்கே பிறந்தது என்று டவுணில் எத்தனை வீட்டில் தெரியும்? களத்தில் நின்றவர் நெல்லை மூன்றாகப் பிரித்திருந்தார்: கொள்முதல் நிலையத்துக்கு, வியாபாரிக்கு, வீட்டுக்கு. நான்காவது பங்கு ஏன் இல்லை என்று கேட்டேன். டவுண் வீடுகளுக்கு நேராக அரிசி கொடுக்கலாமே?

“கொடுக்கலாம் அண்ணாச்சி. அவிச்சு, காய வச்சு, அரைச்சு, அஞ்சு அஞ்சு கிலோவா கட்டணும். மாசாமாசம் வாங்குதோம்னு இருபது வீடு சொன்னா அதுக்குண்டான வேலையைப் பாப்பேன். ஒரு தடவை ஆசைக்கு வாங்குதவிய பின்னால போக முடியாது.”

மார்ச் 2, டவுண்

பார்த்த தோட்டங்களில் ஒன்றுகூட எல்லாக் காயும் விளைவிப்பதில்லை, விளைவிக்கவும் முடியாது. கிணற்றில் ஊறும் தண்ணீர், கன்னடியன் காலில் விடும் முறை, பகலின் நீளம், பறிக்க வீட்டில் எத்தனை கை ஆகியவைதான் அவர்களுடைய பட்டியல். நம்முடைய பட்டியலை யாரோ கடைக்காரர் பழக்கிவிட்டார், அதில் பாதி மலைக்காய்.

உழவர் சந்தை நல்ல ஏற்பாடு. ஆனால் அரசு அட்டை தரலாம், தராசு தரலாம், விலை எழுதலாம். கூடையில் இருப்பதை வாங்குகிற பழக்கத்தை அதனால் தர முடியாது. அது நம் வேலை. வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரருக்கும் அட்டை கிடைக்க வழி செய்வது அரசின் வேலை. இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் அந்த முக்கால் ஏக்கர் மனையாகிவிடும்.

டவுண்காரர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வாரத்தில் ஒருநாளாவது சீட்டு எழுதாமல் கண்டியப்பேரிக்குப் போங்கள். “இன்னைக்கு என்ன வந்திருக்கு?” என்று கேளுங்கள். அதை வாங்கி வந்து, அதற்குத் தகுந்தபடி குழம்பை முடிவு செய்யுங்கள்.