நிதித்துறையில் இருக்கும் மருமகளுக்கு

திண்டிவனம்,
9.2.2025

அன்புள்ள கயல்,

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"பொதுச் சுகாதாரத்துக்குப் போன வருஷம் ஒதுக்கினதையே முழுசா செலவு பண்ணாம சரண்டர் பண்ணிட்டாங்க மாமா, இந்த வருஷமும் அதையே எதுக்குக் கேக்கிறாங்க?" என்றாய். உன் நாற்காலியில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 'தேவை இல்லை' என்று நோட் போடுவதற்கு முன்னால், அந்தப் பணம் எப்படி சரண்டர் ஆகிறது என்று பார். மருந்து வாங்க அரசாணை மழைக்காலம் பாதி போனபிறகு வரும். டெண்டர், பேச்சுவார்த்தை, பொங்கல் விடுமுறை எல்லாம் முடிந்து சரக்கு வருவதற்குள் மார்ச் 31. டெங்குக் கொசுவோ அக்டோபரிலேயே வந்து வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும். அந்தத் துறையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதே கதைதான்.

கொசுவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். புகை மருந்து அடிக்கிற வண்டி தெருவில் போனால் கவுன்சிலர் கூடவே நடப்பார், குழந்தைகள் பின்னால் ஓடும், மறுநாள் பேப்பரில் படம் வரும். அந்தப் புகை அப்போது பறந்துகொண்டிருக்கிற கொசுவைத்தான் கொல்லும். நாலு நாளில் அடுத்த கூட்டம் புழுவிலிருந்து பறந்து வந்துவிடும். வீடு வீடாகப் போய் சிமெண்ட் தொட்டி, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு என்று பார்த்துப் புழுவைக் கொட்டுகிறார்களே டி.பி.சி. என்கிற கொசுப்புழு ஒழிப்புப் பெண்கள், நோயைத் தடுக்கிறது அவர்கள் வேலைதான். அவர்களுக்குத் தினக்கூலி. எந்தத் தலைவரும் அவர்களோடு நின்று படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் துறையிலும் இதே பார்வை இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. கட்டடம் என்றால் கையெழுத்து சீக்கிரம் விழுகிறது. நிரந்தரப் பணியிடம் என்றால், 'தொடர் செலவினம், ஓய்வூதியச் சுமை' என்று எழுதித் திருப்பி அனுப்புகிறீர்கள்.

நம் மாநிலத்துக்கு நல்ல பெயர் வந்ததே அந்தத் தொடர் செலவினத்தால்தான். 1939-இலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்டது சென்னை மாகாணம். நாட்டில் அதுதான் முதல். சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தை ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு கலந்துவிட்டன. கலந்த இடத்தில் எது ஜெயிக்கும்? வாசலில் வரிசையில் நிற்கிற நோயாளிதான். இன்னும் வராத நோய்க்காக யார் வரிசையில் நிற்பார்கள்? இங்கே தனி இயக்குநர், தனி பட்ஜெட், தனிப் பணியாளர் என்று பிரித்தே வைத்திருந்தார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்களை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். குடிநீர்த் தொட்டிகளில் குளோரின் அளவு பார்ப்பது, முகாம்களில் பேதி யாருக்காவது வந்ததா என்று தினமும் கேட்டு எழுதுவது, பிளீச்சிங் பவுடர் கொட்டுவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. அவ்வளவு பிணங்களுக்கு நடுவிலும் காலரா கொள்ளைநோயாகக் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் ஏன் என்று விசாரிக்கக் கமிஷன் போட்டிருப்பார்கள். கிளம்பாததால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தத் தலைப்பில் அதை நீ வரவாக எழுதுவாய்?

இனி உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் 1948-லிருந்து காசநோய்த் தடுப்பூசி செய்துவந்தது. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு ஊசி போட தெற்கே இடமில்லாமல் ஓர் ஆங்கிலேயப் பெண் இறந்துபோனாள், அதன் பிறகுதான் அதற்குப் பணம் பிறந்தது. அதுவும் ஓர் அமெரிக்கப் பணக்காரர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடை! நாய் கடித்துச் செத்த நம் ஜனங்களின் கணக்கு அதற்கு முன்னால் யார் கண்ணிலும் படவில்லை போலும். போகட்டும். 2008 ஜனவரியில் இந்த இரண்டு இடங்களுக்கும், இமாச்சலத்துக் கசௌலி நிறுவனத்துக்கும் உற்பத்தி உரிமத்தை ஒன்றிய அரசு நிறுத்தியது. நல்ல உற்பத்தி முறைக்கான தரம் இல்லை என்பது காரணம். தரக்குறைவு பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய கூடங்களைப் புதுப்பிக்க வருஷக்கணக்காகக் காசு கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு பழசாக இருக்கிறது என்று பூட்டினால் அதற்கு என்ன பெயர்? குழந்தைகளுக்கான ஊசிகளுக்குத் தனியார் கம்பெனிகளையே நம்பவேண்டி வந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2010-இல் அந்தத் தடையை விலக்கினார்கள்.

அதற்கு ஈடாக வந்ததுதான் செங்கல்பட்டு பக்கம் திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012-இல் 594 கோடிக்கு ஒப்புதல். பிறகு மதிப்பீடு 900 கோடியைத் தாண்டியது. கட்டடம் எழும்பியது, இயந்திரங்கள் வந்தன. மேற்கொண்டு ஓட்டுவதற்கான பணம் வரவில்லை. 2021 மே மாதம் கொரோனாவில் தெருவுக்குத் தெரு சாவு விழுந்தபோது அந்த வளாகத்திலிருந்து ஒரு டோஸ்கூட வெளிவரவில்லை. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் நடத்திக்கொள்கிறோம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வளாகம் மாநிலத்தின் கைக்கு வரவில்லை. யாரைக் குற்றம் சொல்வது? இந்தக் கட்சிக்காரரைக் கேட்டால் அந்தக் கட்சியைக் காட்டுவார். மூடியது ஓர் ஆட்சி, கட்டத் தொடங்கியதும் அதே ஆட்சி, ஓட்டாமல் விட்டது அடுத்தது.

அதே மே மாதம் இன்னொரு கூத்து நடந்தது, நீ அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்த கோவிஷீல்டை மாநிலங்கள் 300 கொடுத்து வாங்கலாம் என்றார்கள். தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது, ஒரு கம்பெனியும் விலை குறிக்கவில்லை. கையில் பணமிருந்தும் சரக்கில்லை. ஜூன் 21-லிருந்து ஒன்றிய அரசே வாங்கித் தரும் என்று முறையை மாற்றினார்கள். எவ்வளவு ஒதுக்கினோம் என்ற எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எண் வேண்டுமென்றால் அதுவும் சொல்கிறேன். நாடு முழுக்க அரசுகளின் சுகாதாரச் செலவு 2019-20-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.35 சதவீதம். தொற்றுக் காலத்தில் ஏறி 2021-22-இல் 1.84. 2017-இல் போட்ட தேசிய சுகாதாரக் கொள்கையோ 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்றது. அந்த வருஷம் இதோ பிறந்துவிட்டது. பயம் இருக்கும்வரை பணம் ஏறும், பயம் தெளிந்ததும் கோப்பு தூங்கும். கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகள் இரண்டாயிரம் பேருக்கு மேல், 2022 டிசம்பர் கடைசியோடு போங்கள் என்று அனுப்பப்பட்டார்கள். ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களை எடுத்த முறையில் விதிப்படி சிக்கல் இருந்திருக்கலாம். ஆனால் மூச்சுத்திணறி வருகிறவனைக் குப்புறப் படுக்க வைத்து, ஆக்சிஜன் அளவைத் திருத்தி, ராத்திரி முழுக்கக் கண்காணித்துப் பழகிய கைகள் அவை. அடுத்த தொற்றுக்கு அந்தப் பழக்கத்தை எந்த டெண்டரில் வாங்குவீர்கள்?

உன் ஒருத்தியால் இதையெல்லாம் மாற்ற முடியாது, தெரியும். உன் நோட்டுக்கு மேலே எத்தனை கையெழுத்து! ஆனாலும் மானியக் கோரிக்கை 19 கோப்பு உன் மேசைக்கு வரும்போது இரண்டு விஷயம் பார். டி.பி.சி. பெண்களின் கூலி எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது, ஊராட்சிப் பணத்தில் எவ்வளவு, மாநிலப் பணத்தில் எவ்வளவு, அது மாதாமாதம் போய்ச் சேருகிறதா என்று கேள். இன்னொன்று, பொதுச் சுகாதாரத் துறையில் காலியாக இருக்கிற பணியிடங்களின் சம்பளத்தைச் 'சேமிப்பு' என்று கணக்கில் காட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்வி எழுதி வை. பதில் எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும்.

உன் அம்மா போன முறை வந்தபோது சர்க்கரை மாத்திரையை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வந்தால் எடுத்துக்கொண்டு போ. அத்தை உனக்கென்று வடகம் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
மாமா