யூ2 குழுவை நேரிற் கண்ட இரவு

அயர்லாந்தின் யூ2 ராக் இசைக்குழு 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி ஜோஷுவா ட்ரீ’ தொகுப்பை, ஒலிநாடா தேயுமளவும் தனியே கேட்டு மகிழ்ந்தவன் நான். 2019 நவம்பர் 30ஆம் நாள், சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கில் அக்குழுவை நேரிற் காணும் பேறு கிட்டியது.

டப்ளின் நகரில் 1976இல் பள்ளி மாணவராய் ஒன்றுகூடிய அதே நால்வர், அத்தொகுப்பின் 11 பாடல்களையும் இசைத்தனர். இருபதுகளில் அவற்றைப் பாடிய போனோவுக்கு அப்போது அகவை 59. ஒலிநாடாவின் குரல் மூப்பறியாதது. என் எதிரே ஒலித்ததோ என்னோடு மூத்த குரல்.

எனக்கே உரியவை என்றிருந்த பாடல்களைப் பல்லாயிரவர் உடன்பாடக் கேட்டபோது, எதையோ இழந்தாற்போல் மனம் துணுக்குற்றது. சற்று நேரத்தில் என் குரலும் அவர்தம் குரலோடு கலந்தது. தனிமையில் தேக்கிய அன்பு, பிறரொடு பகிர்ந்த பின்னரே நிறைவெய்தும் என உணர்ந்தேன்.