தேனீக்கும் ஒரு பந்தி

பல்லடம் பகுதியில் நாம் பணிபுரியும் பங்கு இல்லத்தின் முன்னால், மாதா கெபியைச் சுற்றி ஒரு தோட்டம் அமைத்தோம். காகிதப்பூ, குரோட்டன்ஸ், அடுக்குச் செம்பருத்தி எனக் கண்ணுக்கு இனியவற்றையே தேடி நட்டோம். கம்பளிப்பூச்சிக்கு அஞ்சிப் பின்புறமிருந்த முருங்கையை வெட்டினோம். திருவிழாவுக்கு முன் தும்பைச் செடிகளையும் களையெனப் பிடுங்கச் செய்தோம். வந்தோர் யாவரும் புகழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம்.

ஆனால், கொல்லையில் படர்ந்த பூசணிக்கொடி நம்மை ஏமாற்றியது. பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. உரமிட்டும் பயனில்லை. ஒருநாள் பூசை முடிந்து வந்த மூதாட்டி ஒருவர் கொடியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, தேனீ திங்கறதுக்கு ஒண்ணுமே வெக்கலீங்களே, அது எப்படீங்க இங்க வரும்?" என்றார்.

அந்த எளிய கேள்வி நம்மைச் சுட்டது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறவாது. பூ விரிந்திருக்கும் ஒரு காலைப்பொழுதிற்குள் தேனீ போன்ற சிற்றுயிர் வந்தால்தான் காய் பிடிக்கும். நாம் நட்ட அடுக்குச் செம்பருத்தியிலோ மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாகவே மாறியிருந்தன. பந்தலை அலங்கரித்த நாம், இலையில் சோறிட மறந்தோம்!

பாஸ்கா இரவில் பாடப்படும் புகழுரையின் இலத்தீன் மூலம், மெழுகுதிரிக்கு மெழுகு தந்த தேனீக்களின் உழைப்பை நினைவுகூர்கிறது. ஆண்டுதோறும் அத்திரியைக் கையில் ஏந்தியும், அவற்றிற்கு நம் கொல்லையில் இடமுண்டா என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆகவே தோட்டத்தை மாற்றினோம். முருங்கைப் போத்தும் எலுமிச்சங்கன்றும் நட்டோம். துளசிக் கதிர்களை முற்றிலும் கிள்ளாமல் விட்டோம். கொத்தமல்லிப் பாத்தியில் ஒரு பகுதியைப் பூக்கவிட்டோம். வறட்சி தாங்கும் தும்பைக்கு வேலியோரம் இடம் தந்தோம். பூத்திருக்கும் செடிகளுக்கு மருந்து தெளிப்பதை நிறுத்தினோம். கூழாங்கற்கள் இட்ட தட்டில் சிறிது நீர் வைத்தோம். கல்மேல் அமர்ந்து குடிக்கும் தேனீ மூழ்குவதில்லை.

மறு ஆண்டு முருங்கைப் பூக்களில் ரீங்காரம் கேட்டது. பூசணியும் காய்த்தது, முதற்காய் அம்மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றது.

அன்பார்ந்த குடும்பங்களே, முற்றம் சிறிதெனத் தயங்க வேண்டாம். ஒரு தொட்டித் துளசி போதும். விருந்தினரை உண்மையாக வரவேற்பவர், தமக்குப் பிடித்ததை அல்ல, வருபவர் உண்பதையே பரிமாறுவார். இதைத் தேனீயிடம் கற்றால், நம் வாசலுக்கு வரும் எளியோரிடமும் மறவோம்.